சாவி ராமோனாவிடம்

மார்ச் 29, சனி

சுழல்காற்று சீசனுக்கான பையை இன்று எடுத்து வைத்தேன். டார்ச், அதற்குப் புது பேட்டரி, தண்ணீர், டெல்பர்ட்டின் மாத்திரை, விசில், எங்கள் இருவருக்கும் பழைய கனத்த பூட்ஸ். பூட்ஸைக் கண்டால் அவனுக்குச் சிரிப்பு. "உயிரு போற நேரத்துல நீ நாடா கட்டிக்கிட்டு இருப்ப" என்றான். கட்டுவேன். காற்று போன பிறகு தரை முழுக்க ஆணியும் கண்ணாடியும்தான். பள்ளிப் பேருந்து ஓட்டுகிற எங்களுக்கு வருஷா வருஷம் வகுப்பெடுத்து இதைத்தான் மண்டையில் ஏற்றுகிறார்கள். கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவன் ஒரு தடவையாவது தன் பூட்ஸைத் தானே எடுத்து வைத்ததில்லை.

எங்கள் வீட்டுக்கு அஸ்திவாரம் கிடையாது. கல்லடுக்கின் மேல் உட்கார்ந்திருக்கிற ட்ரெய்லர் வீடு. இரும்புப் பட்டையால் தரையோடு கட்டிப் போட்டிருக்கிறது, அவ்வளவுதான். இந்த சிடார் பெண்ட் காலனியில் எல்லா வீடும் அப்படித்தான். சுழல்காற்று வந்தால் இதற்குள் இருப்பதும் தகர டப்பாவுக்குள் இருப்பதும் ஒன்று. அதற்காகத்தான் ஆபீசுக்குப் பின்னால் பதுங்கு குழி. 'குடியிருப்போருக்குப் பதுங்கு குழி உண்டு' என்று வாசல் பலகையிலேயே பெரிதாக எழுதியிருக்கிறார்கள். அதைப் பார்த்துத்தான் நாங்கள் இங்கே குடிவந்ததே.

விடலைகள் உள்ளே இறங்கி பீர் குடிக்கிறார்கள் என்று அதற்குப் பூட்டுப் போட்டிருக்கிறது. சாவி ராமோனாவிடம். அவள் காலனி மேனேஜர். முதலாளி டல்லஸில் இருக்கிறார், இங்கே எல்லாம் அவள்தான். எனக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆகிப் படுத்திருந்தபோது, என் கூடப்பிறந்தவள் போனில் நலம் விசாரித்தாள். ராமோனா வந்து தலைக்குக் குளிப்பாட்டிவிட்டாள். சாயங்காலம் அவள் வீட்டுப் படியில் உட்கார்ந்து வெண்டைக்காய் வறுவல் தின்றுகொண்டே கேட்டேன், "குழிக்குள்ள கூட்டிப் பெருக்கணுமா? நாளைக்கு எனக்கு லீவுதான்."

"உனக்கு எதுக்குடி அந்த வேலை? எல்லாம் நான் பாத்துக்கறேன். அபாயச் சங்கு ஊதினா வந்து நில்லு. கதவு திறந்திருக்கும்."

ஏப்ரல் 9, புதன்

ஆலங்கட்டி மழை. கோலிக்குண்டு அளவு. தக்காளி நாற்று அத்தனையும் போச்சு.

ஏப்ரல் 13, ஞாயிறு

பக்கத்து வீட்டு கோச் டீக் வந்திருந்தார். உயர்நிலைப் பள்ளியில் வாழ்நாள் முழுக்க, பந்தைக் கையில் பிடித்து ஓடுகிற அமெரிக்கக் கால்பந்து சொல்லிக்கொடுத்தவர். ஓய்வு பெற்று எத்தனையோ வருஷமாகியும் ஊரே அவரை கோச் என்றுதான் கூப்பிடுகிறது. இடுப்பு எலும்பு மாற்றிய பிறகு கைத்தடி. வாய்க்கு மட்டும் தடி வேண்டியதில்லை.

அவருடைய அண்ணன் மகள் ஃபேய் இரண்டு மணி நேரப் பயணத்தில் செங்கல் வீட்டில் இருக்கிறாள். கீழே நிலவறை உண்டு. மே முடியும்வரை தன்னோடு வந்து இருக்கச் சொல்கிறாளாம்.

"அவ வீட்டுல பூனை ஆறு. ஒண்ணொண்ணுக்கும் பிறந்தநாள் கொண்டாடுறா. அங்க போறதுக்கு டொர்னேடோ தேவலாம்" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "நிஜமாச் சொல்லு நோரீன். இங்க இருந்தா சரிப்படுமா? இந்தக் காலை வெச்சுக்கிட்டு நான் எவ்வளவு தூரம் ஓடுவேன்?"

"எதுக்கு ஓடணும்? நம்ம வாசல்லேர்ந்து நாலு வீடு தாண்டினா குழி. நான் உங்களைக் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போறேன். சாவி ராமோனாகிட்ட இருக்கு, அவ எங்கயும் போகமாட்டா."

"அந்தப் பயந்தாங்கொள்ளிப் பொந்துக்குள்ள உன்கூட உக்காரணும்னு என் தலையெழுத்து."

ஃபேய்க்கு என் போனிலிருந்தே கூப்பிட்டு, வரவில்லை என்று சொல்லிவிட்டார். போனை வாங்கி நானும் பேசினேன். "கவலைப்படாதீங்க, எங்களுக்குக் குழி இருக்கு" என்றேன்.

டெல்பர்ட் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வாயே திறக்கவில்லை. பாதித் தட்டோடு எழுந்து போய் லாரியைத் துடைக்க ஆரம்பித்தான். அவனுக்கு கோச்சைப் பிடிக்காது. பள்ளியில் அணியில் சேர்க்கவில்லை என்று இன்னும் கோபம்.

ஏப்ரல் 24, வியாழன்

காலையில் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தபோது சங்கு ஊதியது. பிள்ளைகளை அருகிலிருந்த தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் இறக்கி, சுவர்ப் பக்கம் மண்டியிட்டுத் தலையைக் கையால் மூடச் சொன்னேன். சின்னதுகள் அழுதன, பெரியதுகள் சிரித்தன. காற்று வடக்கே திரும்பிப் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து ராமோனாவிடம் கேட்டேன், இங்கே எத்தனை பேர் குழிக்கு வந்தார்கள் என்று. "நான் சாவியத் தேடி எடுக்கறதுக்குள்ள அடங்கிடுச்சுடி" என்றாள். சாவியை இனிமேல் கழுத்திலேயே மாட்டிக்கொள் என்றேன். சிரித்தாள். நானும் சிரித்தேன்.

மே 6, செவ்வாய், காலை

காற்றே இல்லை. வியர்த்து வழிகிறது. டிவியில் வரைபடம் முழுக்கச் சிவப்பு; நாங்கள் சிவப்பின் நடுவில். மதியத்தோடு பள்ளி விடுகிறார்கள். டெல்பர்ட் பக்கத்து மாவட்டத்தில் கூரை வேலைக்குப் போயிருக்கிறான்.

மே 7, புதன்

உயிரோடு இருக்கிறேன். பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில், மடக்குக் கட்டிலில். மற்றதெல்லாம் பிறகு.

மே 8, வியாழன்

எழுதிவிட வேண்டும். நாளைக்கு வேறு மாதிரி நினைவு வந்துவிடும்.

மதியம் பிள்ளைகளை இறக்கிவிட்டுப் பேருந்தை நிறுத்தினேன். டெல்பர்ட் போன் செய்தான். வேலை நேரத்தில் அவன் போன் செய்வதே கிடையாது.

"எங்க இருக்க?"

"பள்ளிக்கூடத்துல. கிளம்பப் போறேன்."

"அங்கயே இருந்துடேன்."

"ஏன்?"

"சும்மாதான். கட்டடம் கெட்டியா இருக்குல்ல."

"கோச் தனியா இருப்பாரு. நமக்குத்தான் குழி இருக்கே."

"சரி, பாத்துக்கோ" என்று வைத்துவிட்டான். பரவாயில்லையே, மனுஷனுக்கு அக்கறை வந்துவிட்டதே என்று நினைத்துக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் பூட்ஸைப் போட்டுக்கொண்டு, பையை வாசலில் வைத்துவிட்டு, கோச் வீட்டில் போய் டிவி முன்னால் உட்கார்ந்தேன். தென்மேற்கில் வானம் கன்றிப்போன காயம் மாதிரி பச்சை நிறமாக இருந்தது. டிவிக்காரர் எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லி, "பாத்ததுக்கப்புறம் ஓடலாம்னு நிக்காதீங்க, இப்பவே கீழ போங்க" என்றார். அதே நேரம் சங்கு. கோச் அலமாரியிலிருந்து தன் பழைய அணியின் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டார். "மாட்டிக்கிட்டே வாங்க" என்றேன். "மாட்டினா உன் புலம்பல் காதுல விழாதே" என்று கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

குழிக்குப் போனால் ஏற்கெனவே ஒரு கும்பல் நிற்கிறது. கதவு பூட்டியிருக்கிறது. காலனியிலேயே குடியிருக்கிற மரிசெல் தன் மூன்று வயதுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ராமோனா வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். ராமோனாவின் கார் இல்லை. போன் செய்தேன். அடித்துக்கொண்டே இருந்தது.

"வந்துடுவா" என்றேன். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அவள் சிநேகிதி நான்தானே. "இதோ வந்துடுவா. ரோட்டுல இருப்பா." எத்தனை தடவை சொன்னேன் தெரியவில்லை. ஆலங்கட்டி விழ ஆரம்பித்தது, பிறகு சட்டென்று நின்றது. அந்த நிசப்தம்தான் எனக்கு உறைத்தது. ஓடிப்போய் கார் டிக்கியிலிருந்து சக்கரம் கழற்றுகிற கம்பியை எடுத்து வந்து பூட்டில் கொடுத்து நெம்பினேன். இன்னொருவரும் சேர்ந்து அழுத்தினார். பூட்டு தெறித்தது. கதவைத் தூக்கினோம்.

தண்ணீர்.

மேல் படிக்கட்டு வரைக்கும் தண்ணீர். கருப்பாக, பாசி படர்ந்து, செத்த எலி நாற்றத்தோடு. பிளாஸ்டிக் நாற்காலிகள் மிதந்தன. அன்று அதுவரை அந்த ஆலங்கட்டி தவிர ஒரு சொட்டு மழை பெய்யவில்லை. அந்தத் தண்ணீர் ஒரு நாளில் வந்ததில்லை. மாசக்கணக்கில் நின்ற தண்ணீர்.

மரிசெல் தன் மொழியில் ஏதோ முனகினாள், ஜெபமாக இருக்கலாம். நான் கம்பியைப் பிடித்தபடி நின்றேன். கோச்தான், மைதானத்தில் கத்துகிற குரலில்: "என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? ரோட்டோரப் பள்ளம்! எல்லாரும் பள்ளம்! நோரீன், பந்து உன் கையில, ஓடு!"

அப்போதுதான் எனக்கு உடம்பில் உயிர் வந்தது. ஒருவர் காருக்கு ஓடினார். காற்று இவ்வளவு கிட்டே வந்த பிறகு கார் வேண்டாம், பந்து மாதிரி தூக்கி எறிந்துவிடும் என்று சட்டையைப் பிடித்து இழுத்தேன். மேம்பாலத்துக்கு அடியில் போகலாம் என்றார்கள். "கூடாது! பாலத்தடியில காத்து இன்னும் மூர்க்கமா வரும்! பள்ளத்துல குப்புறப் படுங்க, கழுத்தை ரெண்டு கையாலயும் மூடிக்கோங்க!" வீடுகளிலிருந்தும் மரங்களிலிருந்தும் தள்ளி, வயலோரப் பள்ளத்தில் வரிசையாக விழுந்தோம். கோச்சின் ஒரு கையை நான் பிடித்திருந்தேன். படுக்கும் முன்னால் அவர் ஹெல்மெட்டை மரிசெல் குழந்தையின் தலையில் கவிழ்த்து வாரைப் போட்டார். "கோச், உங்களுக்கு?" "எனக்குத் தலைக்கனம் போதும்" என்றார்.

ரயில் மாதிரி சத்தம் என்பார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. எதுவோ மிகப் பெரியது மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கிற மாதிரி இருந்தது. காது அடைத்தது. வாயெல்லாம் மண். முதுகில் கல்லும் மரத்துண்டும் அடித்தன. உடம்பு தரையை விட்டு எழும்பப் பார்த்தது, புல்லைப் பிடித்துக்கொண்டேன். கோச்சின் கை என் கையில்தான் இருந்தது. பிறகு என் கையில் இல்லை.

பிறகு மழை. சாதாரண மழை.

எழுந்தபோது சிடார் பெண்ட் இல்லை. கல்லடுக்குகள் மட்டும் இருந்தன. சமையல் வாயு நாற்றம் குப்பென்று அடித்தது. ஒருவர் சிகரெட் பற்றவைக்கப் போனார், கையைத் தட்டிவிட்டேன். மின்கம்பி சாலையில் பாம்பு மாதிரி கிடந்தது. அதைத் தாண்டாதீர்கள், தண்ணீர் தேங்கிய இடத்திலும் கால் வைக்காதீர்கள் என்று கத்தினேன். விசிலை ஊதி ஊதி, பதில் குரல் கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன். குழந்தையின் ஹெல்மெட்டில் பெரிய கீறல். குழந்தைக்கு ஒன்றுமில்லை.

கோச் பள்ளத்தின் மேல் விளிம்பில் கிடந்தார். தலையில் அடி. மூச்சு இருந்தது. துணியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கழுத்தை அசைக்காமல், ஆம்புலன்ஸ் வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவரிடம் பேசிக்கொண்டே இருந்தேன். ஃபேய் வீட்டுப் பூனைகளைப் பற்றிக்கூட ஏதோ சொன்னேன்.

இன்று காலை போய்விட்டார்.

மே 9, வெள்ளி

ராமோனா வந்தாள். கையில் புதுப் போர்வை, ஒரு பாத்திரம் நிறைய கோழி கேசரோல். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். "கடவுளே, உயிரோட இருக்கியே, கடவுளே." நானும் கட்டிப்பிடித்துக்கொண்டேன். பழக்கம். பிறகுதான் கைகளை எடுத்தேன்.

"எங்க இருந்த?"

"மக வீட்டுல. மதியமே போயிட்டேன். வானம் நல்லா இல்லன்னு அவ கூப்பிட்டா."

"சாவி?"

போர்வையை என் மடியில் வைத்தாள்.

"குழிக்குள்ள தண்ணி நிக்கறது உனக்குத் தெரியுமா?"

"முதலாளிகிட்ட சொன்னேன்டி. சீசன் முடிஞ்சதும் சரி பண்ணலாம்னாரு. வெளிய சொன்னா ஆளுங்க காலி பண்ணிடுவாங்க, உன் வேலையும் போயிடும்னாரு. வேலை போனா வீடும் போச்சு. எப்பவும் போல தாண்டிப் போயிடும்னு நினைச்சேன். எத்தனை வருஷமா தாண்டித்தானே போச்சு?"

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே. பள்ளிக்கூடத்துல அத்தனை இடம் இருந்துச்சே. எல்லாரையும் கூட்டிக்கிட்டுப் போயிருப்பேனே. ராமோனா, நான் உன் போனுக்கு எத்தனை தடவை அடிச்சேன்?"

"எடுக்க பயமா இருந்துச்சு" என்றாள்.

போர்வையை வைத்துக்கொண்டேன், குளிராக இருந்தது. கேசரோலை எடுத்துப்போகச் சொன்னேன். அதே கையால்தான் எனக்குத் தலை குளிப்பாட்டினாள். அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

மே 13, செவ்வாய்

கோச்சின் அடக்கம். தேவாலயம் கொள்ளவில்லை, பழைய மாணவர்கள், நரைத்தவர்கள், வழுக்கை விழுந்தவர்கள், எல்லாரும் அணியின் நிறத்தில் டை கட்டிக்கொண்டு. டெல்பர்ட் வெளியிலேயே நின்றான்.

ஃபேய் என்னிடம் வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம். "நீங்கதான் அன்னைக்கு போன்ல பேசினது" என்றாள். "அவரு இங்கேயே இருக்கேன்னதுக்கு நான் பதில் சொல்லல. நீங்க சொன்னதும்தான் சரின்னேன். உங்க குரல் அவ்வளவு தெளிவா இருந்துச்சு."

நான் நம்பித்தான் சொன்னேன் என்று சொல்ல வந்தேன். அவளுக்கு அதில் என்ன இருக்கிறது? ராமோனா எனக்குச் செய்ததைத்தான் நான் இவளுக்குச் செய்திருக்கிறேன்.

மே 16, வெள்ளி

முதலாளியின் வக்கீல் செய்தித்தாளில் சொல்லியிருக்கிறார்: பதுங்கு குழி நல்ல நிலையில் இருந்ததாம், அன்றைய மழையில்தான் தண்ணீர் புகுந்ததாம். ராமோனாவும் அதையே சொன்னதாகப் போட்டிருக்கிறது.

எந்த மழை?

மே 17, சனி

செய்தித்தாளை எடுத்துக்கொண்டு ராமோனாவின் மகள் வீட்டுக்கே போனேன். வாசலில் வைத்துக் கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

"எம்மேல மட்டும் ஏன் பாயற?" என்றாள். "உன் புருஷன்கிட்ட கேளு! பிப்ரவரியில பம்பு வெச்சு இறைச்சது யாருன்னு கேளு!"

டெல்பர்ட்டின் தம்பி வீட்டு கராஜில்தான் இப்போது தங்கியிருக்கிறோம். போனேன். கூரைப் பலகையை அளந்துகொண்டிருந்தான். கேட்டேன். அளவுநாடாவைச் சுருட்டி வைத்தான். மறுக்கக்கூட இல்லை.

"ரெண்டு தடவை இறைச்சேன். மறுநாளே ஊறிடுது. சுவர்ல வெடிப்பு. யார்கிட்டயும் சொல்லாதேன்னு முதலாளி சொன்னாரு. காலனி வேலை பூரா எனக்குத் தர்றவரு அவருதான்."

"என்கிட்ட கூடவா?"

"உன்கிட்ட சொன்னா ஊருக்கே சொல்லிடுவ. உன் வாய் எனக்குத் தெரியாதா?"

"ஆமா சொல்லுவேன்! சொல்லத்தான் சொல்லுவேன்! அதுக்குத்தானே வாய்! அந்தக் கெழவரு நம்ம மேசைல உக்காந்து கேட்டப்ப நீ எதிர்ல உக்காந்து தின்னுக்கிட்டு இருந்தியே டெல்பர்ட். நான் குழி இருக்கு குழி இருக்குங்கறேன், நீ கேட்டுக்கிட்டு இருந்தியே."

"அன்னைக்கு உனக்குப் போன் பண்ணினேன்ல? பள்ளிக்கூடத்துலயே இருன்னேன்ல?"

அதைத் தனக்குச் சாட்சியாகச் சொன்னான். அவனுக்கு உண்மையிலேயே அது சாட்சியாகத் தோன்றுகிறது. என்னைக் காப்பாற்றப் பார்த்தானாம். காரணத்தைச் சொல்லாமல். மரிசெல் குழந்தை, கோச், மற்ற அத்தனை பேரும் குழிக்குப் போய் நிற்கட்டும், நான் மட்டும் பள்ளிக்கூடத்தில் இருக்கவேண்டும்.

அதை நான் அக்கறை என்று நினைத்தேனே.

மே 18, ஞாயிறு

அவனும் அந்தக் குழி மாதிரி பூட்டுப் போட்ட கதவுதான். எத்தனை வருஷம் தட்டியிருக்கிறேன்.

மே 21, புதன்

பள்ளிக்குப் பின்னால் இருக்கிற ஆசிரியர் குடியிருப்பில் ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். ஜன்னல் இல்லாத குளியலறை நடுவில் இருக்கிறது. அதுதான் முதலில் பார்த்தேன். டெல்பர்ட்டிடம் சொல்லிவிட்டு வந்தேன். "கோபம் ஆறினதும் வா" என்றான். கோபம் என்று நினைக்கிறான்.

ஜூன் 12, வியாழன்

நகரசபையில் விசாரணை. விசிறிகள் சுற்றியும் புழுக்கம். முதலாளியின் வக்கீல் படங்கள் காட்டினார். அன்று பெய்த மழை என்றார். நான் எழுந்து, பூட்டை உடைத்தபோது தரை காய்ந்திருந்தது, தண்ணீரில் பாசி இருந்தது என்றேன். மரிசெல்லும் சொன்னாள், மொழிபெயர்க்க ஒரு ஆசிரியை நின்றார். பதற்றத்தில் எங்களுக்குச் சரியாக நினைவிருக்காது என்றார் வக்கீல், மிக மரியாதையாக.

டெல்பர்ட்டைக் கூப்பிட்டார்கள். காலனி வேலைகள் செய்தவன் என்ற முறையில்.

தொப்பியைக் கையில் திருப்பிக்கொண்டே நின்றான். நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு நிமிஷம், சத்தியமாக, சொல்லிவிடுவான் என்று நம்பினேன். இவ்வளவுக்குப் பிறகும்.

"குளிர்காலத்தில் அந்தக் குழியில் தண்ணீர் இருந்ததா?"

"எனக்கு ஞாபகம் இல்லைங்க."

நான் எழுந்தேன். "அவருக்கு ஞாபகம் இருக்கு. ரெண்டு தடவை பம்பு வெச்சு இறைச்சேன்னு என்கிட்ட சொன்னாரு. நான் அவரு பொண்டாட்டி." கூடத்தில் ஒரே சலசலப்பு. கேள்விப்பட்டதெல்லாம் சாட்சியமாகாது, தனிப்பட்ட மனஸ்தாபம் வேறு என்று வக்கீல் ஆரம்பித்தார்.

பின் வரிசையிலிருந்து ஒரு குரல்: "அவ சொல்றது நிஜம்."

ராமோனா. நின்றுகொண்டிருந்தாள். மகள் கையைப் பிடித்து இழுத்தாள், அவள் உட்காரவில்லை. "ஜனவரியிலேர்ந்தே தண்ணி நின்னுச்சு. நான்தான் பூட்டினேன். தெரிஞ்சேதான் பூட்டினேன். பேப்பர்ல சொன்னது பொய்." முகமெல்லாம் கண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. ஒருமுறைகூட என் பக்கம் திரும்பவில்லை.

வெளியே வந்தபோது டெல்பர்ட் லாரியில் சாய்ந்து நின்றான். "ஊர் முன்னாடி என்னை இப்படிக் காட்டிக்கொடுத்துட்டியே" என்றான்.

காட்டிக்கொடுத்தேனாம். சிரிப்பு வந்தது. நடந்தே வந்தேன்.

ஜூன் 30, திங்கள்

காலனியை மூட உத்தரவு. முதலாளி மேல் வழக்கு நடக்கும் என்கிறார்கள். ராமோனா மேலும். அவள் இப்போது நெடுஞ்சாலை உணவகத்தில் தட்டு கழுவுகிறாள். இன்று அந்தப் பக்கமாகப் போனேன். ஜன்னல் வழியாகப் பார்த்தாள். நான் கையைத் தூக்கினேன், பாதி. மன்னித்தேன் என்று இல்லை. அவள் எழுந்து நின்றாளே, அதற்கு.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பள்ளி திறந்தது. கண்காணிப்பாளரிடம் போய்க் கேட்டேன்: வானிலைக்காரர்கள் 'கவனமாக இருங்கள்' என்று சொன்ன உடனேயே, சங்கு ஊதும்வரை காத்திருக்காமல், எனக்கு ஒரு பேருந்து தர முடியுமா? ட்ரெய்லர் வீடுகளில் இருப்பவர்களையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து பள்ளியின் காங்கிரீட் அறையில் வைத்துவிடுகிறேன். சம்பளம் கிடையாது என்றார். கேட்டேனா என்றேன். ஃபேய்க்கு எழுதினேன், கோச்சின் பெயரை அந்த அறைக்கு வைக்கலாமா என்று. பதில் வரவில்லை.

அக்டோபர் 21, செவ்வாய்

இலையுதிர் காலத்திலும் வரும், மறந்துவிடுகிறோம். காலையிலிருந்தே தெற்கே இருட்டிக்கொண்டு வந்தது. பிற்பகல் அறிவிப்பு வந்ததும் பேருந்தை எடுத்தேன். நெடுஞ்சாலையோர ட்ரெய்லர்கள், கல்குவாரிப் பக்கம், ஆற்றோரம். வெளிச்சம் இருக்கும்போதே. மரிசெல் இறங்கி வீடு வீடாகத் தட்டினாள். அவள் பேச்சுக்குத்தான் வயதானவர்கள் கேட்கிறார்கள். பூட்ஸ் போடாத ஒருவரை அவள் திருப்பி அனுப்பிப் போட்டுவரச் சொன்னாள்.

குவாரித் திருப்பத்தில் டெல்பர்ட் நின்றான். அங்கே ஒரு பழைய ட்ரெய்லரில் இருக்கிறானாம், எனக்குத் தெரியாது. கையில் சாப்பாட்டு டப்பா. காலில் பூட்ஸ், நாடா ஒழுங்காகக் கட்டியிருந்தது. பேருந்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், ஒரு அடி பின்னால் போனான்.

கதவைத் திறந்தேன். ஏறினான். எனக்குப் பக்கத்திலேயே நின்று, "நோரீன்..." என்றான்.

"பின்னாடி இடம் இருக்கு. தள்ளிப் போ, இன்னும் ஆளு ஏறணும்."

போய் உட்கார்ந்தான்.

காங்கிரீட் அறையில் எல்லாரும் சுவரோடு சுவராக. சங்கு ஊதியது. மரிசெல்லின் குழந்தை என் மடியில் ஏறி, சங்கு மாதிரியே ஊதிக் காட்டியது. டெல்பர்ட் எதிர்ச் சுவரில், தலையைக் குனிந்துகொண்டு. ஒரு தடவைதான் நிமிர்ந்து பார்த்தான். நான் ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

சுழல்காற்று நகருக்கு வடக்கே வயலைத் தொட்டுவிட்டு எழும்பிப் போய்விட்டது. ஒரு களஞ்சியம் போச்சு, ஆட்களுக்கு ஒன்றுமில்லை. அறிவிப்பு முழுசாக விலகும்வரை யாரையும் வெளியே விடவில்லை. பிறகு, ஏற்றிவந்த வழியே திருப்பி இறக்கிக்கொண்டு போனேன்.

குவாரித் திருப்பத்தில் நிறுத்தினேன். டெல்பர்ட் முன்னால் வந்தான். படியில் ஒரு காலை வைத்து நின்றான். பின்னால் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவனுக்கும் அது தெரியும்.

"பிப்ரவரியிலயே உன்கிட்ட சொல்லியிருக்கணும்" என்றான். கொஞ்சம் சத்தமாகவே.

"ஆமா" என்றேன்.

இன்னும் எதற்கோ காத்திருந்தான். என்னிடம் வேறு எதுவும் இல்லை. இறங்கினான். அவன் சாலையைத் தாண்டும்வரை, மற்ற வண்டிகளை நிறுத்துகிற சிவப்பு விளக்கைப் போட்டு வைத்திருந்தேன். பிறகு கதவை மூடினேன்.

மரிசெல் எழுந்து வந்து அவன் உட்கார்ந்திருந்த இருக்கையைத் தாண்டி முன்னால் உட்கார்ந்தாள். "அடுத்து யாரு வீடு?" என்று கேட்டேன்.

"என் வீடுதான்" என்றாள். "சாப்பிட்டுட்டுப் போ."

போனேன்.